குளிர் வருமுன் வீட்டு ஃபர்னஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வீடு வீடாகப் போய் ஃபர்னஸ் பார்ப்பது என் வேலை. அக்டோபர் பிறந்துவிட்டால் போன் ஓயாது. முதல் கடுங்குளிர் இரவுக்கு மறுநாள் காலையில் வரும் அழைப்புகளில் நிறைய, வீட்டுக்காரரே ஐந்து நிமிடத்தில் சரிபார்த்திருக்கக்கூடிய சங்கதிகள்தான்: அடைத்துப்போன ஃபில்டர், யாரோ தெரியாமல் அணைத்துவிட்ட சுவிட்ச், சூட்டின் அளவை வைக்கும் சுவர்க் கருவியான தெர்மோஸ்டாட்டில் தீர்ந்துபோன பாட்டரி. இன்னொரு பக்கம், கை வைக்கவே கூடாத இடத்தில் யூட்யூப் பார்த்துக் கை வைப்பவர்களும் இருக்கிறார்கள். எது நம் வேலை, எது லைசன்ஸ் உள்ளவரின் வேலை என்ற கோடு தெளிவாக இருந்தால் காசும் மிஞ்சும், உயிருக்கும் ஆபத்தில்லை. நம்மவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் காஸில் ஓடும், காற்றை ஊதிச் சூடாக்கும் ஃபர்னஸைப் பற்றியவை.

அண்ணா, சென்னையிலிருந்து வந்து இதுதான் எங்களுக்கு முதல் விண்டர். ஃபர்னஸ்னா எது, எங்க இருக்கும்?

பேஸ்மென்டில் ஒரு சின்ன அறைக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு தகரப் பெட்டி நிற்கும், அதுதான். பக்கத்தில் உருளையாக நிற்பது வெந்நீர் டாங்க், இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை ஃபர்னஸ், அறைச் சுவர்களில் உள்ள பெரிய ஜாலிகள் வழியாக உள்ளே இழுத்து, ஃபில்டரில் வடிகட்டி, சூடாக்கி, தரையில் உள்ள சின்ன வென்ட்கள் வழியாக ஒவ்வொரு அறைக்கும் அனுப்புகிறது. காஸ் எரிகிற புகை இந்தக் காற்றோடு சேராது. அது ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிற உலோகக் குழாய்களுக்குள்ளேயே போய்த் தனி வழியாக வெளியேறிவிடும்.

தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவை பக்கத்தில் நின்று கேளுங்கள். முதலில் ஒரு சின்ன விசிறி சுற்றும், பிறகு பற்றவைக்கும் கம்பி செக்கச்செவேல் என்று கனலும், 'டக்' என்று காஸ் வால்வ் திறந்து தீ பிடிக்கும், அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துப் பெரிய விசிறி ஊதத் தொடங்கும். இந்த வரிசை மனதில் இருந்தால், பழுதாகும்போது எந்த இடத்தில் நின்றது என்று என்னைப் போன்றவர்களிடம் போனிலேயே சொல்லிவிடலாம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

இப்பவே எதுக்கு? குளிர் வந்த பிறகு போட்டுப் பாத்தா போதாதா?

போதாது. செப்டம்பர் கடைசியிலோ அக்டோபர் முதல் பாதியிலோ ஒரு நாள் தெர்மோஸ்டாட்டை 'ஹீட்'டில் போட்டு, அறையின் சூட்டைவிட மூன்று நான்கு டிகிரி கூட்டி, அரை மணி நேரம் ஓடவிடுங்கள். எல்லா வென்டிலும் சூடான காற்று வருகிறதா, புதிதாக ஏதாவது சத்தம் கேட்கிறதா, ஃபர்னஸின் அடியில் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள். பழுது இருந்தால் அன்றைக்குத் தெரிவது நல்லது. மைனஸ் 20 டிகிரி இரவில் தெரியவந்தால் டெக்னீஷியன் கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் அந்த உதிரிப்பாகம் கடையில் இருக்க வேண்டும்.

போட்டவுடனே ஏதோ கருகுற வாசம் வருது. நிறுத்திடவா?

கோடை முழுக்க உள்ளே படிந்த தூசி எரிகிற வாசம் அது. முதல் நாள் கொஞ்ச நேரம் வந்து போய்விடும், ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். ஆனால் பிளாஸ்டிக்கோ வயரோ எரிகிற மாதிரி இருந்தால், அல்லது நாள் முழுக்க ஓடியும் வாசம் போகவில்லை என்றால், ஃபர்னஸை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

அழுகின முட்டை மணம் மாதிரி வந்தா?

அது வேறு கதை. இயற்கை காஸுக்குத் தனக்கென்று மணம் கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே அந்த நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். அந்த மணம் வந்தால் லைட் சுவிட்சைக்கூடத் தொடாதீர்கள், போனையும் உள்ளே நின்று பேசாதீர்கள். எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே போய், தள்ளி நின்று 911க்கோ, காஸ் கம்பெனியின் அவசர எண்ணுக்கோ அழையுங்கள். ஒன்டாரியோவில் பெரும்பாலான வீடுகளுக்கு அது என்பிரிட்ஜ். அவர்களின் அவசர எண்ணை இன்றைக்கே போனில் பதிந்துவையுங்கள். அவர்கள் வந்து சரி என்று சொல்லும்வரை உள்ளே போகாதீர்கள், குளிராக இருந்தாலும் சரி.

அண்ணை, ஃபில்டர் எத்தனை மாசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும்?

ஒரு அங்குல மொத்தமுள்ள ஃபில்டர் என்றால் ஒன்றிலிருந்து மூன்று மாதம். நாலைந்து அங்குல மொத்தத்தில் வருவது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை தாங்கும். நம் வீடுகளில் தினமும் தாளிப்பு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, விருந்து நாளில் பொரியல் என்று இருப்பதால், பெட்டியில் போட்டிருக்கும் கணக்கை அப்படியே நம்பாதீர்கள். எண்ணெய்ப் பசையோடு சேர்ந்த தூசி சீக்கிரம் அடைத்துவிடும். மாதம் ஒரு தடவை வெளியே இழுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் மாற்றுங்கள். சமைக்கும்போது புகைபோக்கி விசிறியைப் போட்டாலே ஃபில்டருக்கு ஆயுள் கூடும்.

அளவு பழைய ஃபில்டரின் சட்டத்திலேயே அச்சடித்திருக்கும்: 16x25x1, 20x25x1 என்பது போல. அதே அளவை வாங்குங்கள். மாற்றும்போது ஃபர்னஸை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். சட்டத்தில் ஒரு அம்புக்குறி இருக்கும், அது காற்று போகும் திசை. அதாவது அம்பு ஃபர்னஸ் பெட்டியைப் பார்க்க வேண்டும், வீட்டுக் காற்றைக் கொண்டுவரும் பெரிய தகரக் குழாயான டக்ட்டைப் பார்க்கக் கூடாது. மாற்றிய தேதியைச் சட்டத்தில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

அடைத்த ஃபில்டரோடு ஓடினால் பில் ஏறுவது மட்டுமல்ல, காற்று போதாமல் உள்ளே சூடு மிஞ்சி, பாதுகாப்பு சுவிட்ச் தீயை அணைத்துவிடும். கொஞ்சம் ஆறியதும் மறுபடி பற்றும், மறுபடி அணையும். 'சூடு வருது, போகுது' என்று சொல்பவர்கள் வீட்டில் நான் முதலில் இழுத்துப் பார்ப்பது ஃபில்டரைத்தான்.

கடையில 8, 11, 13 எண்டு நம்பர் போட்டிருக்கு. கூடின நம்பர்தானே நல்லது?

அது மெர்வ் எண். கூடக் கூட நுண்ணிய தூசியைப் பிடிக்கும், ஆனால் காற்றையும் அந்த அளவுக்கு மறிக்கும். ஒரு அங்குல ஃபில்டரில் 13 போட்டால் பல பழைய ஃபர்னஸ்கள் மூச்சுத் திணறும். சாதாரண வீட்டுக்கு 8 முதல் 11 வரை போதும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருக்கிறார், 13தான் வேண்டும் என்றால், நாலைந்து அங்குல ஃபில்டர் போடும் பெட்டியை டெக்னீஷியனிடம் சொல்லி மாற்றிக்கொள்வது சரியான வழி. சில பிராண்டுகள் மெர்வுக்குப் பதிலாக 1000, 1500 என்று வேறு எண்களைப் போடுகின்றன. அதில் 1000 என்பது ஏறக்குறைய மெர்வ் 11.

ஃபர்னஸ் ரூமில் கொஞ்சம் சாமான் வைத்திருக்கிறோம், பரவாயில்லையா?

'கொஞ்சம்' என்று சொல்லும் வீட்டில் அரிசி மூட்டை, கல்யாணப் பாத்திரம், பழைய மெத்தை என்று ஃபர்னஸின் கதவே தெரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். முன்பக்கம் ஆள் நின்று வேலை செய்ய இடம் விடுங்கள், மூன்றடி இருந்தால் நல்லது. அட்டைப் பெட்டி, துணி எதையும் ஒட்டி வைக்காதீர்கள். பெயின்ட், தின்னர், பெட்ரோல் அந்த அறையில் இருக்கவே கூடாது. பிளீச், குளோரின் கலந்த கழுவும் மருந்துகளையும் வேறு இடத்துக்கு மாற்றுங்கள், அறைக் காற்றையே எடுத்து எரிக்கும் ஃபர்னஸாக இருந்தால் அந்த ஆவி உள்ளே போய் உலோகத்தை அரித்துவிடும்.

இடம் நெருக்கடி என்று அந்த அறைக்குள்ளேயே சாமி மாடம் வைத்திருப்பவர்களுக்கு என் வேண்டுகோள், தயவுசெய்து விளக்கை வேறு இடத்தில் ஏற்றுங்கள். காஸ் குழாய் உள்ள அறையில் திறந்த தீ வேண்டாம்.

மேல ரெண்டு ரூம் சும்மா கிடக்கு. வென்டை மூடிட்டா பில் குறையுமே?

குறையாது. வென்டை மூடினால் ஃபர்னஸ் குறைவாக எரியும் என்று நினைக்கிறார்கள், அது அதே அளவுதான் எரியும், காற்று போகிற வழி மட்டும் குறுகும். அதனால் அடைத்த ஃபில்டருக்கு மேலே சொன்ன அதே தொல்லைதான் வரும். ஒன்றிரண்டைப் பாதி மூடலாம், அதற்கு மேல் வேண்டாம். பெரிய ஜாலிகளை சோபாவாலோ அலமாரியாலோ மறைப்பது இதைவிட மோசம், காற்று திரும்பி வர வழியே இல்லாமல் போகும்.

தெர்மோஸ்டாட்டை 30ல வச்சா வீடு கெதியா சூடாகும்தானே?

ஆகாது. சாதாரண ஃபர்னஸ் 21 கேட்டாலும் 30 கேட்டாலும் ஒரே வேகத்தில்தான் சூடாக்கும், எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் மாறும். 30ல் வைத்துவிட்டு மறந்தால் வீடு அடுப்பாகிவிடும், பிறகு ஜன்னலைத் திறப்பீர்கள், காசு வெளியே போகும். பகலில் ஆள் இருக்கும்போது 20, 21. இரவில் போர்வைக்குள் 17, 18 போதும். கைக்குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் இரவிலும் 20, 21ஐ விட்டு இறக்காதீர்கள், அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

விசிறி சுவிட்ச் 'ஆட்டோ'வில் இருக்கட்டும். 'ஆன்'ல் இருந்தால் தீ எரியாத நேரத்திலும் விசிறி ஓடி வென்டில் குளிர்ந்த காற்று வருவதுபோல இருக்கும், ஃபர்னஸ் பழுது என்று நினைத்துவிடுவீர்கள்.

பிள்ளைக்கு மூக்கிலிருந்து ரத்தம் வருது, காத்து அவ்வளவு காயுது. ஆனா ஜன்னல்ல தண்ணி வடியுது. என்ன கணக்கு இது?

வெளியே உள்ள குளிர்காற்றில் ஈரம் மிகக் குறைவு. அது வீட்டுக்குள் வந்து சூடாகும்போது இன்னும் வறண்டதாகத் தெரியும். அதற்குத்தான் ஃபர்னஸின் மேல் பக்கத்தில் ஹியூமிடிஃபையர் என்று ஒரு சின்னப் பெட்டி ஒட்டியிருக்கும். குளிர்காலத்துக்கு முன் மூன்று வேலை செய்ய வேண்டும்: உள்ளே உள்ள தேன்கூடு போன்ற பேடைப் புதிதாக மாற்றுவது, சின்னத் தண்ணீர் வால்வைத் திறப்பது, பக்கத்துக் குழாயில் உள்ள தகட்டை 'விண்டர்' பக்கம் திருப்புவது. இந்தத் தகட்டைத் திருப்ப மறந்து, 'வேலை செய்யேல்லை' என்று கூப்பிட்டவர்கள் ஏராளம்.

ஜன்னலில் தண்ணீர் வடிந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். உள்ளே 30 முதல் 40 சதவீதம் நல்லது, வெளியே மைனஸ் 20க்குப் போகும் நாட்களில் 30க்குக் கீழே இறக்குங்கள். இல்லையென்றால் ஜன்னல் சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும். சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, பேஸ்மென்டில் துணி காயப்போடுவது எல்லாமே ஈரத்தைக் கூட்டும். பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் அடிக்கடி வந்தால் டாக்டரிடமும் காட்டுங்கள்.

வெளிப்பக்கம் நான் என்ன செய்ய வேணும்?

பக்கச் சுவரில் இரண்டு பிளாஸ்டிக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவைதான் உங்கள் ஃபர்னஸின் மூக்கும் வாயும். ஒன்றில் காற்று உள்ளே போகும், மற்றதில் புகை வெளியேறும். பனி குவிந்தோ, குளவி கூடு கட்டியோ, இலை அடைத்தோ ஒன்று மறிபட்டாலும் ஃபர்னஸ் நின்றுவிடும். இப்போதே உள்ளே எட்டிப் பாருங்கள், ஒவ்வொரு பனிப்பொழிவுக்குப் பிறகும் சுற்றி வழித்துவிடுங்கள். பனி தள்ளும் இயந்திரத்தால் அந்தப் பக்கம் பனியை ஊதாதீர்கள். காஸ் மீட்டர்மேல் பனி இருந்தால் கையாலோ தூரிகையாலோ தட்டுங்கள், மண்வெட்டியால் அடிக்காதீர்கள்.

வெளித் தண்ணீர்க் குழாய்க்கு உள்ளே ஒரு வால்வ் இருக்கும், அதை மூடிவிட்டு வெளிக்குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிடுங்கள், தோட்டத்து ஹோஸைக் கழற்றிவிடுங்கள். ஏசி யூனிட்டைப் பிளாஸ்டிக்கால் முழுக்கச் சுற்ற வேண்டாம், மேலே மட்டும் ஒரு பலகை போதும்.

காலமை எழும்பினா வீடு ஐஸ். உங்களைக் கூப்பிட முதல் நான் என்னத்தைப் பாக்கலாம்?

இந்த ஒரு பதிலை மட்டுமாவது ஃபர்னஸ் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முதலில் தெர்மோஸ்டாட்: திரை வெறுமையாக இருந்தால் பாட்டரி, திரை தெரிந்தால் 'ஹீட்'டில் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது சுவிட்ச். ஃபர்னஸின் பக்கத்திலோ பேஸ்மென்ட் படிக்கட்டின் மேலோ சாதாரண லைட் சுவிட்ச் போலவே ஒன்று இருக்கும், சில வீடுகளில் தகடு சிவப்பாக இருக்கும். லைட் என்று நினைத்து யாராவது அணைத்திருப்பார்கள். பிறகு மின்பெட்டியில் ஃபர்னஸ் பிரேக்கர் விழுந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, வெளிக்குழாயில் பனி இருக்கிறதா. ஃபில்டர் மாற்றியபோது ஃபர்னஸின் முன்கதவைக் கழற்றியிருந்தால் அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள், உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கிறது, கதவு அதை அழுத்தாவிட்டால் எதுவும் ஓடாது.

புதிய ஃபர்னஸ்கள் எரியும்போது தண்ணீர் விடும், அதை வெளியேற்றச் சின்னக் குழாய் இருக்கும், சில வீடுகளில் ஒரு சின்ன பம்ப்பும் இருக்கும். அந்தக் குழாய் மடிந்தோ அடைத்தோ போனாலும், பம்ப்பின் பிளக் கழன்றாலும் ஃபர்னஸ் நின்றுவிடும். பலருக்கு இது தெரியாது.

எல்லாம் சரி என்றால் ஃபர்னஸ் சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு மறுபடி போடுங்கள். தீ பிடிக்காமல் சில தடவை முயன்று தோற்றால் ஃபர்னஸ் தானாகப் பூட்டிக்கொள்ளும், இப்படிச் செய்தால் பூட்டு விடுபடும். ஒரு தடவை மட்டும்தான். திரும்பத் திரும்ப அணைத்துப் போடுவது வேண்டாம், தீ பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. கதவில் உள்ள சின்னக் கண்ணாடி வழியே ஒரு லைட் மின்னுவது தெரியும், எத்தனை தடவை மின்னி நிற்கிறது என்று எண்ணிச் சொன்னால் எந்தப் பாகத்தில் கோளாறு என்று எனக்குத் தெரிந்துவிடும்.

வருஷா வருஷம் சர்வீஸ் செய்யணுமா? என் மச்சான் நல்லா வேலை தெரிஞ்சவர், அவர் பாத்தா போதாதா?

வருடம் ஒரு தடவை செய்வது நல்லது. வாரன்டிக்கும் பல கம்பெனிகள் அதைக் கேட்கும். மேலே சொன்ன ஃபில்டர், ஹியூமிடிஃபையர் பேட், வெளிக்குழாய் எல்லாம் மச்சான் செய்யலாம், நீங்களும் செய்யலாம். ஆனால் பர்னர், காஸ் வால்வ், புகைக்குழாய் இவற்றில் கை வைக்க ஒன்டாரியோவில் காஸ் டெக்னீஷியன் லைசன்ஸ் வேண்டும். அதைக் கண்காணிப்பது டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பு. வருகிறவரிடம் லைசன்ஸ் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல டெக்னீஷியன் யாரும் அதற்குக் கோபப்பட மாட்டார்.

சர்வீஸ் என்று வந்து கதவைத் திறந்து மூடிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தீயை உணரும் கம்பியைச் சுத்தம் செய்வது, காஸ் அழுத்தத்தை அளப்பது, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்தைப் பார்ப்பது, தண்ணீர் வடியும் வழியைக் கழுவுவது, கார்பன் மோனாக்சைடு அளப்பது, இவை நடக்க வேண்டும். அளந்த எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயமா? ஒண்ணு இருந்தா போதுமா?

கட்டாயம். 2008 டிசம்பரில் ஒன்டாரியோவின் வூட்ஸ்டாக்கில், காஸ் ஃபயர்பிளேஸின் புகைவழி அடைபட்டு ஒரே வீட்டில் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என நால்வர் இறந்தார்கள். அவர்கள் வீட்டில் இந்த அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரையும் சேர்த்து வந்த ஹாக்கின்ஸ் கிக்னாக் சட்டம் 2013இல் நிறைவேறியது. எரிபொருளால் இயங்கும் கருவியோ வீட்டோடு ஒட்டிய கராஜோ உள்ள வீடுகளில், படுக்கும் அறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் இருந்தாக வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அப்படிப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு மாடியிலும் வேண்டும்.

எரிபொருள் சரியாக எரியாதபோது வரும் நச்சுவாயு இது, நிறமும் மணமும் இல்லை. தலைவலி, வாந்தி உணர்வு, மயக்கம், காய்ச்சல் இல்லாமல் ஃப்ளூ மாதிரி. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்து, வெளியே போனால் சரியாகிறது என்றால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அலாரம் நான்கு நான்காக அடித்தால் எல்லோரும் வெளியேறி 911. எப்போதாவது ஒரு தடவை மட்டும் 'கீச்' என்றால் பாட்டரி தீர்ந்திருக்கும், அல்லது அலாரத்தின் ஆயுள் முடிந்திருக்கும். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், காலாவதி தேதி போட்டிருக்கும். சத்தம் தொல்லை என்று பாட்டரியைக் கழற்றி மேசைக்குள் போட்டுவைக்காதீர்கள். கைகூப்பிக் கேட்கிறேன்.

வந்தவர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெடிச்சிட்டுது எண்டு சிவப்பு அட்டை கட்டிப்போட்டுப் போயிட்டார். புதுசு வாங்க வைக்க ஏமாத்துறாரோ?

இரண்டுக்கும் இடம் உண்டு. உண்மையிலேயே விரிசல் விழுந்திருந்தால் புகை வீட்டுக் காற்றில் கலக்கலாம், அட்டை கட்டுவது அவருடைய சட்டக் கடமை. 'ஏ' என்று குறித்திருந்தால் உடனடி ஆபத்து, காஸை அங்கேயே நிறுத்திவிடுவார். 'பி' என்றால் சரிசெய்யக் கொஞ்சம் அவகாசம் தருவார்கள். விரிசலைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள், கேமரா படம் கேளுங்கள், ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு வாரன்டி மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள், பல கம்பெனிகள் 10, 20 வருடம் தருகின்றன. வேறு கம்பெனியிலிருந்து இரண்டாவது ஆளையும் வரவழையுங்கள். ஆனால் அவர் வந்து பார்க்கும்வரை அந்த ஃபர்னஸைப் போடாதீர்கள். ஏமாற்றா இல்லையா என்பதைப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

15 முதல் 20 வருடம் ஓடிய ஃபர்னஸ் என்றால் பெரிய செலவு செய்து திருத்துவதைவிட மாற்றுவதுதான் என் யோசனை. 2019 முதல் கனடாவில் விற்பனைக்கு வரும் புதிய காஸ் ஃபர்னஸ்களுக்கு எரிதிறன் குறைந்தது 95 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. பழசு பல அந்த அளவை எட்டாது.

வாசல்ல ஒருத்தர் வந்து, அரசாங்கத் திட்டம், ஃபர்னஸ் சும்மா மாத்தித் தர்றோம்னு சொல்றார். கையெழுத்துப் போடலாமா?

வேண்டாம். ஒன்டாரியோவில் 2018 மார்ச் 1 முதல், நீங்கள் கூப்பிடாமல் வாசலுக்கு வந்து ஃபர்னஸ், ஏசி, வெந்நீர் டாங்க், தண்ணீர் ஃபில்டர் விற்பது தடை. 'சும்மா' என்பது பெரும்பாலும் பத்துப் பதினைந்து வருட வாடகை ஒப்பந்தமாக இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஃபர்னஸின் விலையைப் போல் பல மடங்கு வரும். அதோடு வீட்டின் பதிவில் ஒரு கடன் குறிப்பையும் போட்டுவிடுவார்கள், வீடு விற்கப் போகும்போதுதான் தெரியும், அம்மா அப்பா மட்டும் வீட்டில் இருக்கும் பகல் நேரத்தில் வந்து இப்படிக் கையெழுத்து வாங்கிய குடும்பங்களை நான் அறிவேன். 2024 ஜூனில் அந்தக் குறிப்பு போடுவதையும் அரசு தடை செய்துவிட்டது.

அவரிடம் காஸ் பில்லைக் காட்டாதீர்கள், உள்ளே விடாதீர்கள். ஏற்கெனவே வீட்டில் வைத்துக் கையெழுத்திட்டிருந்தால், ஒப்பந்தப் பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம், எழுத்தில் அனுப்புங்கள். நாள் கடந்திருந்தாலும் விடாதீர்கள், மாகாணத்தின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறையிடுங்கள். போனில் 'டக்ட் கிளீனிங்' என்று வருபவர்களுக்கும் இதே பதில்தான்.

நாங்க பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருக்கிறம். தெர்மோஸ்டாட் மேல வீட்டுக்காரரிட்ட. குளிர் தாங்கேல்ல, என்ன செய்யிறது?

முதலில் உங்கள் பக்கம் உள்ள வென்ட்கள் திறந்திருக்கின்றனவா, கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஃபர்னஸிலிருந்து கிளம்பும் டக்ட்களில் சின்னத் தகட்டுப் பிடிகள் இருக்கும், குளிர்காலத்தில் மேல்மாடிக்குப் போவதைக் கொஞ்சம் குறைத்துக் கீழே கூட்டலாம், சூடு தானாகவே மேலே ஏறும். இதை வீட்டுக்காரரோடு சேர்ந்து செய்யுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம்தான். ஒன்டாரியோவில் செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வாடகை வீட்டில் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். ரொறன்ரோ நகரத்தில் செப்டம்பர் 15 முதல் ஜூன் 1 வரை 21 டிகிரி. ஒரு தெர்மாமீட்டர் வாங்கிச் சில நாள் எழுதிவைத்துக் காட்டுங்கள், சும்மா 'குளிருது' என்பதைவிட எண்ணுக்கு மதிப்பு அதிகம். கேட்கவில்லை என்றால் ரொறன்ரோவில் நகராட்சியின் உதவி எண் 311ஐ அழைக்கலாம். இடைக்காலத்தில் மின் ஹீட்டர் வைத்தால் நேராகச் சுவர் பிளக்கில் குத்துங்கள், நீட்டிப்பு வயர் வேண்டாம். 1500 வாட் ஹீட்டர் ஒன்றே 12.5 ஆம்பியர் இழுக்கும், அதே பிரேக்கரில் ரைஸ் குக்கரையும் போட்டால் விழுந்துவிடும்.

ஹீட் பம்ப் போட்டிருக்கோம். அதுக்கும் இதே விதிகள்தானா?

ஹீட் பம்ப் என்பது ஏசி போலவே வெளி யூனிட் வைத்து, குளிர்காலத்தில் வெளியிலுள்ள சூட்டை உள்ளே கொண்டுவரும் கருவி. ஃபில்டர், வென்ட் எல்லாம் அதேதான். ஆனால் வெளி யூனிட் குளிர்காலத்திலும் ஓடும், அதை மூடவே கூடாது, சுற்றிப் பனியை வழிக்க வேண்டும். அவ்வப்போது அது தன் மேல் படிந்த உறைபனியைத் தானே உருக்கும், அப்போது வெள்ளையாக ஆவி கிளம்பும், புகை என்று பயந்து 911ஐ அழைக்க வேண்டாம். இரவில் தெர்மோஸ்டாட்டை நிறைய இறக்கிக் காலையில் ஏற்றுவது இதற்குச் சரிவராது, துணைச் சூடு வேலை செய்யத் தொடங்கி மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். ஒரே அளவில் விட்டுவிடுங்கள்.

கரண்ட் போயிட்டா காஸ் ஃபர்னஸ் ஓடும்தானே?

ஓடாது. விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் போனது, பலருக்கு கிறிஸ்துமஸ் தாண்டியும் வரவில்லை. அப்போது வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டி நச்சுவாயுவுக்கு ஆளானவர்கள் உண்டு. பார்பிக்யூ, கரி, கேம்ப் அடுப்பு, ஜெனரேட்டர் எதுவும் வீட்டுக்குள்ளோ கராஜுக்குள்ளோ கூடாது, கராஜ் கதவு திறந்திருந்தாலும் கூடாது. எல்லோரும் ஒரே அறையில் கூடி, கதவை மூடி, போர்த்திக்கொள்ளுங்கள். நேரம் நீண்டால் மின்சாரம் உள்ள உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள்.

டிசம்பர்ல ஒரு மாசம் ஊருக்குப் போறோம். ஃபர்னஸை அணைச்சிட்டுப் போகலாமா?

அணைக்கவே கூடாது. தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால், திரும்பி வரும்போது பேஸ்மென்ட் குளமாக இருக்கும். தெர்மோஸ்டாட்டை 15, 16ல் வையுங்கள், புது பாட்டரி, புது ஃபில்டர் போடுங்கள், சமையல் தொட்டிக்குக் கீழ் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்துவையுங்கள். பிரதான தண்ணீர் வால்வை மூடி, குழாய்களைத் திறந்து வடியவிடுங்கள். ஹியூமிடிஃபையர் தண்ணீரையும் மூடுங்கள்.

இதைவிட முக்கியம் இன்ஷூரன்ஸ். பல பாலிசிகளில் குளிர்காலத்தில் நான்கு நாளுக்கு மேல் வீடு பூட்டியிருந்தால், யாராவது தினமும் வந்து பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை மூடி வடித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். இல்லையென்றால் குழாய் வெடித்த நஷ்டத்துக்குப் பணம் தர மாட்டார்கள். டிக்கெட் போட்ட கையோடு புரோக்கருக்கு அழைத்து உங்கள் பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள், பதிலை ஈமெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, மேலே 'வீடு ஐஸ்' கேள்விக்குச் சொன்னவற்றையும் என்னைப் போன்ற ஒருவரின் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.